நேரில் வந்து சொல்பவர்

வெள்ளிக்கிழமைகளில், தேநீர் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், அவர் கதவு நிலையில் தலை இடிபடாமல் குனிந்து உள்ளே வருவார். வந்தாரென்றால் எங்களில் யாரோ ஒருத்தி அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போவதில்லை என்று அர்த்தம்.

மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கூடம் அது. நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று தட்டுகளை நிரப்புவோம். பாண், வெண்ணெய், சலாட், மூடி போட்ட கறிப்பெட்டி, கரண்டிப் பொதி. அவர் அந்தச் சாப்பாட்டை விமானத்துக்குக் கொண்டுபோகும் லொறிச் சாரதி. லொறியின் பின்பெட்டி அப்படியே மேலே உயர்ந்து விமானத்தின் கதவோடு போய் நிற்கும். சாரதிகளுக்கு எங்கள் கூடத்துக்குள் ஒரு வேலையும் இல்லை. வரவேண்டுமென்றால் தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை, வெள்ளை மேலங்கி எல்லாம் போடவேண்டும். அவர் போட்டுக்கொண்டு வருவார். ஆறடிக்கு மேலே உயரம். மேலங்கி முழங்காலுக்கு வெகு மேலேயே நின்றுவிடும். பார்த்தால் சிரிப்பு வரவேண்டிய கோலம். ஆனால் அந்த நேரத்தில் எங்களில் ஒருத்தியும் சிரிக்கமாட்டாள்.

மேசை வழியாக நடந்து வந்து ஒருத்திக்குப் பக்கத்தில் நிற்பார். "ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை" என்பார். காரணத்தை ஒரு வரியில் சொல்வார். சொன்ன பிறகு போகமாட்டார். அதுதான் கஷ்டம். அவள் ஏதாவது சொல்லும்வரை, திட்டினால் திட்டி முடிக்கும்வரை, அழுதால் மூக்கைத் துடைக்கும்வரை, அங்கேயே நிற்பார்.

எங்கள் வேலைத்தலப் பெண்களுக்கு ஒரு உதைபந்தாட்ட அணி இருந்தது. கோடையில் மட்டும், வேறு வேலைத்தலங்களின் அணிகளோடு ஞாயிறு பின்னேரங்களில் விளையாடுவோம். தொடங்கியவள் மரி-ஆஞ்ச். ஹெயிட்டிக்காரி, நகரத்தின் மறுகோடியில் இருக்கிற மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ், மெட்ரோ, திரும்பப் பஸ் என்று மாறி வேலைக்கு வருகிறவள். அவள்தான் எங்கள் கோல்காப்பாளர். லொறி ஓட்டுகிற அந்த ஒல்லாந்துக்காரர் தன் நாட்டில் பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்தவர், பிறகு மனேஜராகவும் இருந்தவர் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போய்க் கேட்டாளாம், எங்களுக்குக் கோச்சாக வருவீர்களா என்று.

"நீங்கள் விளையாடி நான் பாத்திருக்கிறன்," என்றாராம். "சரியான மோசம். வாறன்."

அவர் பேசியது பிரெஞ்சு. தொண்டைக்குள் மணல் கிடக்கிறமாதிரி ஒரு பிரெஞ்சு. என் நினைவில் அது எங்கள் பேச்சாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் என்னிடம் முதன்முதல் வந்து நின்ற வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை. போன கிழமை மூண்டு தரம் பந்து வரேக்கை விலகினாய். பயந்துகொண்டு ஓடினா நீதான் காலை முறிப்பாய்."

"பரவாயில்லை கோச்."

அவர் போகவில்லை.

"உனக்குக் கோபம் வரேல்லையோ?"

"இல்லை."

"தட்டைப் பார்."

பார்த்தேன். ஒரே தட்டில் நாலு கரண்டிப் பொதி வைத்திருந்தேன்.

அதோடு எனக்கு வாய் திறந்தது. மூன்று பிள்ளைகளையும் எழுப்பித் தேவாலயப் பூசைக்குக் கொண்டுபோய், வந்து சமைத்து வைத்து, 'நாற்பது வயசிலை என்ன பந்தடி' என்று கேட்கிற மனுசனின் முகத்தைத் தாண்டி நான் மைதானத்துக்கு வருவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கிழமையில் எனக்கென்று இருப்பது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான், அதையும் பிடுங்குகிறீர்களே என்றேன். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பக்கத்தில் நின்றவர்கள் தட்டுகளை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"நீ சொன்னது எல்லாம் உண்மை. ஆனாலும் இந்த ஞாயிறு நீ இல்லை."

போய்விட்டார். கோபம் இருந்தது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது யாரோ என்னை ஒரு ஆளாக மதித்த மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதிது.

"ஏன் கோச் இந்த வேசம் எல்லாம்? எங்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கு. அதிலை பேரைப் போட்டால் முடிஞ்சுது" என்று மரி-ஆஞ்ச் ஒருநாள் கேட்டாள். மைதானத்து மரத்தின் கீழே இருந்து தோடம்பழம் தின்றுகொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அவர் தன் பழைய கதையைச் சொன்னார்.

கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர் அணியில் அவர் முன்னால் நின்று ஆடியவர். தலையால் கோல் போடுவதில் பெயர் எடுத்தவர். கயிற்றில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, நெற்றி சிவக்கச் சிவக்க இடித்துப் பழகுவாராம். ஊர்ச் சனம் தெருவில் மறித்துக் கைகொடுக்குமாம். ஒரு கோடை விடுமுறை முடிந்து பயிற்சிக்குப் போயிருக்கிறார். வாயில்காரர் உள்ளே விடவில்லை. அவருடைய சப்பாத்துகளை ஒரு கடைப் பையில் போட்டு நீட்டியிருக்கிறார். அவருடைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

"மேல்மாடி ஜன்னல்லை மனேஜர் நிண்டவர். நான் பாத்தன். திரைச்சீலை ஆடினது. இறங்கி வருவார் எண்டு ஒரு மணித்தியாலம் ரோட்டிலை நிண்டன். அவருக்காக எத்தினை கோல் போட்டிருப்பன்! ஒரு மாடிப்படி இறங்கி வரேல்லை அந்த மனுசன்."

பிறகு வேறு அணிகளுக்கு ஆடினார். முழங்கால் போனது. மனேஜரானார். ஒருவனை ஆட்டத்திலிருந்து எடுப்பதென்றால் அவன் வீட்டுக் கதவைத் தானே போய்த் தட்டுவதென்று முடிவெடுத்தாராம்.

ஒரு முறை அப்படிப் போய், பத்து வருடம் அந்த அணிக்கு ஆடிய பின்வரிசைக்காரர் ஒருவரிடம், இனி உனக்கு இடமில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஓங்கி ஒரு குத்து விட்டார். இவருக்கு முன்பல் போனது. குத்தியவருக்கு விரல் முறிந்தது.

"பேந்து?" என்று நான் கேட்டேன்.

"பேந்தென்ன? காரிலை ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். ரெண்டு பேரும் ஒரே வாங்கிலை இருந்தம். அவன் அழுதான். எனக்கு வாய் வீங்கினபடியாக் கதைக்க ஏலாது. அதுவும் நல்லதுக்குத்தான்."

மனேஜராக அவர் பெரிதாக வென்றதில்லை. போன இடமெல்லாம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கடைசி அணியின் தலைவர் தொலைபேசியில் நிறுத்தியிருக்கிறார். இவர் காரைத் திருப்பிக்கொண்டு அந்தத் தலைவரின் வீட்டுக்கே போய், மணியடித்து, "இப்ப சொல்லுங்கோ" என்று நின்றாராம். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். தலைவரின் மனைவி உள்ளே கூப்பிட்டுச் சூப் கொடுத்தாளாம். "நல்ல சூப்" என்றார்.

மொன்ட்ரியாலுக்கு அவர் வந்தது ஒரு பெண்ணுக்காக. சில வருடங்களின் பின் அவள் ஒரு காலைச் சாப்பாட்டில், உன்மேல் எனக்கு இப்போது அன்பில்லை என்று சொல்லிவிட்டாள். அதை எங்களுக்குச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை. "முகத்தைப் பாத்துச் சொன்னா. கோப்பியும் ஊத்தித் தந்தா. நல்ல மனுசி."

ஒல்லாந்தர் என்றால் மன்னாரில் பிறந்த எங்களுக்கு நினைவு வருவது கோட்டை. "உங்கடை ஆக்கள் எங்கடை மன்னார்க் கோட்டையைப் பிடிச்சு வைச்சிருந்தவை" என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் யோசித்தார். "திருப்பித் தந்திட்டமோ?"

"இங்கிலீஸ்காரன் வந்து உங்களிட்டை இருந்து பறிச்சவன்."

"அப்ப நாங்கள் நேரிலை வந்து தரேல்லை. மன்னிச்சுக்கொள்."

அவரால் காயப்பட்டவர்களும் உண்டு. லின் என்றொரு வியட்நாம்காரி எங்களோடு ஆடினாள். பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பிறகு போகிறவள். மூன்றாம் வருடம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நீ எவ்வளவு பழகினாலும் இதுக்கு மேலை வரமாட்டாய்" என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லையே. லின் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் அறைக்குள் போனாள். திரும்பி வரவில்லை. அவர் அவளுடைய வெறும் இடத்துக்குப் பக்கத்தில், சுப்பவைசர் வந்து கலைக்கும்வரை நின்றார். அடுத்த வருடம் லின் ரொறன்ரோவுக்குக் குடிபோய்விட்டாள். அவர் அவளைப்பற்றி எங்களோடு கதைத்ததே இல்லை.

என் அம்மா செத்த செய்தியையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

என் கணவர் அன்ரனுக்கு வேலை பக்கத்துப் புவாண்ட்-கிளேரில், ஒரு பண்டகசாலையில். அன்று மத்தியானம் அவர் திடீரென்று எங்கள் வேலைத்தலத்துக்கு வந்து, வெளியே லொறியோடு நின்ற கோச்சிடம் விசயத்தைச் சொல்லி, என்னைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். நான் வெளியே வந்தேன்.

"ஒண்டுமில்லை," என்றார் அன்ரன். "மாமிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம். வா, வீட்டை போவம்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் சுகமில்லை, பிறகு கொஞ்சம் கடுமை, வீட்டுக்குள் நுழையும்போது உறவெல்லாம் கூடியிருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நம்பத்தான் மனம் போனது. நான் கோச்சின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அன்ரன் சிரிக்க முயன்றது தெரிந்துவிட்டது.

"அவவுக்குச் சொல்லு" என்றார் அன்ரனிடம்.

"வீட்டை போய்ச் சொல்லுறன். இது எங்கடை குடும்ப விசயம்."

"அவவின்ரை அம்மா." என் பக்கம் திரும்பினார். "உன்ரை அம்மா இண்டைக்கு விடிய இறந்திட்டா."

நான் அந்தச் சீமெந்துத் தரையில் இருந்துவிட்டேன். அவரும் என் முன்னால் தரையில் இருந்தார், அந்தப் பழுதான முழங்காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு. விமானம் ஒன்று ஏறிப் போனது. நான் எழும்பும்வரை இருந்தார். அன்ரன் அவரோடு ஒரு கோடை முழுக்கக் கதைக்கவில்லை. நான் அன்ரனையும் குறை சொல்லமாட்டேன். காரில் போகிற அந்த அரைமணித்தியாலம் எனக்கு அம்மா உயிரோடு இருக்கட்டுமென்று நினைத்தவர் அவர்.

ஐந்தாம் வருடம் பனி உருகி, பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவரில் ஏதோ சரியில்லை. ஒரே ஆளை இரண்டு இடத்துக்குப் போடுவார். பாதி ஆட்டத்தில் எந்தப் பக்கம் எங்கள் கோல் என்று மரி-ஆஞ்சைக் கேட்பார். முதலாவது போட்டிக்கு எங்களைப் பன்னிரண்டு பேராக இறக்கிவிட்டார். நடுவர் நிறுத்தி எண்ணினார். மற்ற அணி சிரித்தது. நாங்களும் பகிடிபோலச் சிரித்துச் சமாளித்தோம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வலையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நேரே லின் நின்ற இடத்துக்குப் போனார். அங்கே நின்றது வேலைக்கு வந்து இரண்டு நாளான ஒரு புதுப் பிள்ளை. அவளுக்கு அணி இருப்பதே தெரியாது.

"நான் உனக்குச் சொன்னது பிழை," என்றார் அவளிடம். "ஞாயிற்றுக்கிழமை நீ விளையாடுறாய்."

அந்தப் பிள்ளை பயந்துபோய் எங்களைப் பார்த்தது. அவர் வழக்கம்போல நின்றார். பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பிள்ளை, "மெர்சி மிஸ்யூ" என்று நன்றி சொன்னது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

தேநீர் அறையில் எல்லோரும் கூடிக் கதைத்தோம். கதைத்ததென்ன, குசுகுசுத்தோம். மரி-ஆஞ்ச் அழுதாள். "மைதானம் கிடைக்கேல்லை எண்டு சொல்லுவம். இந்த வரியம் அணி இல்லை எண்டு சொல்லுவம். மனுசனுக்கு நோகாது" என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். யார் சொல்வது? நான்தான் என்றார்கள். நான் நயமாகக் கதைப்பேனாம்.

பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்து போனேன். அவர் குழாய் பிடித்து லொறி கழுவிக்கொண்டிருந்தார். நல்ல வெயில்.

"கோச், இந்த முறை மைதானம்..."

திரும்பிப் பார்த்தார். குழாயைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய் வாயில்தான் இருந்தது. வெளியே வர மறுத்தது.

"மைதானத்துக்கு ஒண்டுமில்லை," என்றேன். "உங்களுக்குத்தான். உங்களுக்கு மறதி வந்திட்டுது கோச். இண்டைக்கு நீங்கள் கதைச்சது லின்னோடை இல்லை. லின் ரொறன்ரோவுக்குப் போயிட்டா. எங்களைப் பன்னிரண்டு பேரா இறக்கினியள். நாங்கள் சிரிச்சம், ஆனா அது பகிடி இல்லை. இனி நீங்கள் எங்களுக்குக் கோச்சா இருக்க ஏலாது."

அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எவ்வளவு காலமா?"

"பயிற்சி தொடங்கின நாளிலை இருந்து."

லொறியின் படியில் இருந்தார். நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டட்டும் என்று நின்றேன். விட்டுப் போகவில்லை.

"லொறி?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"விமானத்தின்ரை செட்டைக்குக் கீழாலை இதை ஓட்டுறன். ஆக்கள் நிக்கினம். நீ பந்தைப் பற்றி மட்டும் சொல்லுறாய்."

எங்களில் ஒருத்தர்கூட அதை யோசிக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து லொறித் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"சுப்பவைசரிட்டைப் போவம். நீயும் வா. வழியிலை நான் மறந்தா நீ சொல்லு."

அந்த வாகனத் தரிப்பிடம் முழுக்க நான் அழுதுகொண்டே நடந்தேன். அவர் என் நடைக்கு ஏற்றமாதிரித் தன் நீளக் கால்களைக் குறுக்கி வைத்து நடந்தார். மறக்கவில்லை. தானே சொன்னார்.

தலையால் இடித்த அத்தனை பந்துகளும் காரணமாக இருக்கலாம் என்று வைத்தியர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "ஆனா அதெல்லாம் நல்ல கோல்கள்" என்றார்.

ஒரு குளிர்காலம் முழுக்கப் புவாண்ட்-கிளேரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். முறை வைத்துப் போய்ப் பார்த்தோம். அன்ரன்தான் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவார். முதலில் வெளியே இருப்பார். பிறகு அவரும் உள்ளே வரத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் கோச் கேட்பார், "நாங்கள் வெண்டமோ?"

"இல்லை கோச். கடைசி ஆட்டம் மூண்டுக்கு ஒண்டு. தோத்திட்டம்."

விழுந்து விழுந்து சிரிப்பார். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரிடம், நீங்கள் வென்றுவிட்டீர்கள், நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று சொல்லிச் சொல்லி அலுப்படித்திருப்பார்கள்போல.

இளவேனிலில் அவருடைய தங்கை ஒல்லாந்திலிருந்து வந்து தன்னோடு கூட்டிப்போக ஒழுங்கு செய்தாள். அவளும் அவரைப்போல உயரம். அன்றைக்குக் காலையில் நாங்கள் பதினொரு பேர், சிலர் இடைவேளை எடுத்து, சிலர் லீவெடுத்து, விமான நிலையப் புறப்பாட்டு மண்டபத்துக்குப் போனோம். அவர் சக்கர நாற்காலியில் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். கடல் பார்க்க விடுமுறைக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லி வைத்திருப்பதாகத் தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"அவருக்கு உண்மை தெரியவேணும்" என்றேன்.

"அஞ்சு நிமிசத்திலை மறந்திடுவார். பேந்தும் சொல்லவேணும். என்னாலை ஏலாது. நீங்கள் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறக்கப்போகிற மனிதனை ஏன் நோகவைக்க வேண்டும்? அன்ரன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வாரென்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் போய் நாற்காலிக்கு முன்னால் குந்தினேன்.

"கோச், நீங்கள் திரும்பி வரமாட்டியள். தங்கச்சியோடை அங்கையே இருக்கப் போறியள்."

என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பெயர் தேடினாரோ என்னவோ. "உண்மையோ?" என்று தங்கையிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவருடைய கண் நிறைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அசையாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் தங்கையைப் பார்த்து, "எப்ப திரும்பி வாறம்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். தங்கை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவரருகே குனிந்து, தங்கள் மொழியில் அவளே சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சொன்ன பிறகு அவள் நிமிரவில்லை. அவர் முகத்தோடு முகம் வைத்து அப்படியே நின்றாள்.

நேரமாகிவிட்டது. பாதுகாப்புச் சோதனைக்கு நீள வரிசை. நாங்கள் அந்த வரிசையை ஒட்டி நின்றோம். அவர் திடீரென்று நாற்காலியைப் பிடித்து எழும்பினார். தங்கை தடுக்கப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். எங்கள் முன்னால் வந்து, ஒவ்வொருத்திக்கும் கைகொடுத்தார். போட்டி தொடங்குமுன் இரண்டு அணிகளும் கொடுக்கிறமாதிரி, கண்ணைப் பார்த்து, ஒருத்தியையும் விடாமல். "நல்லா விளையாடு. நல்லா விளையாடு." கடைசியாக நின்றது மரி-ஆஞ்ச். அவளுக்கும் கொடுத்தார். நிற்கவில்லை. அவளுக்கு அடுத்ததாக வரிசையில் நின்ற, முதுகுப்பையோடு இருந்த ஒரு இளைஞனிடம் கையை நீட்டினார். அவன் ஒரு கணம் திகைத்து, காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தான். அடுத்தது ஒரு வயதான சோடி. அடுத்தது கைக்குழந்தையோடு ஒரு தாய்; குழந்தையின் பொத்திய கையை இரண்டு விரலால் பிடித்துக் குலுக்கினார். வரிசை தானாக நேராகிக்கொண்டு போனது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை வெறுமையாக்கிக்கொண்டு, சனம் அவர் வருவதற்குக் காத்து நின்றது. ஒருவர்கூடக் கையை இழுக்கவில்லை.

வரிசையின் முடிவில் பயணச்சீட்டுப் பார்க்கும் பெண் நின்றாள். அவர் அவளிடமும் கையை நீட்டினார். அவள் நீலக் கையுறையைக் கழற்றினாள்.

"நல்லா விளையாடு" என்றார்.

"நீங்களும் மிஸ்யூ" என்று சொல்லி, அவள் அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.